ஒன்பதாம் படுக்கையின் கம்பி

தூக்கம் வாசலில் வந்து நின்று கேட்கிற கடன்காரன் அல்ல, ஆள் அயர்ந்த நேரத்தில் தானே உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டு போகிறவன் என்று இசக்கியம்மாளுக்கு முதன்முதலில் சொன்னவர் ஒன்பதாம் படுக்கைச் சங்கரபாண்டி. லாரி ஓட்டியவர். கயத்தாறு தாண்டி ஒரு விடியற்காலையில் அது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மூன்று நொடியோ நான்கு நொடியோதான். அந்த நொடிகளுக்குள் ஒரு புளியமரமும் அவருடைய இடது பாதமும் அடங்கியிருந்தன. "ரெண்டு நாளு கொடுக்காம ஓட்டிட்டேன் சிஸ்டர். அது கேக்கவே இல்ல, பாத்துக்கிடுங்க. கேட்டிருந்தா வண்டிய ஓரமா நிறுத்திக் கொடுத்திருப்பேன்லா?" என்று, புண்ணுக்குக் கட்டுப் போடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் அப்போது சிரிக்கவில்லை. கட்டின் முடிச்சு நழுவுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவவில்லை, நழுவியது தன் கண்தான் என்பது சற்றுப் பொறுத்தே விளங்கிற்று. இப்போது, நான்காம் இரவுப் பணி முடிந்து டவுன் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, காலை வெயில் முகத்தில் விழாமல் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வருகையில், அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. வெயிலைப் பார்த்துவிட்டால் மூளை விடிந்துவிட்டது என்று நம்பிவிடும், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் படுக்காது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகும்படிதான் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்; தச்சநல்லூர்த் தெருவில் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினால் கண்ணுக்கு ஆபரேஷனா என்று நான்கு பேர் விசாரிப்பார்கள், அந்த நான்கு பேருக்கும் நின்று பதில் சொல்வதற்குள் வந்த தூக்கம் அடுத்த பஸ் ஏறிப் போய்விடும். தலைப்பே போதும். தலைப்புக்குள் ஒரு சிறிய இரவு இருந்தது. சலவை சோப்பும் டெட்டாலும் கலந்து மணக்கிற இரவு.

எத்தனை பகல் கொடுக்காமல் விட்டிருக்கிறாள்? திங்கட்கிழமை, முதல் இரவுக்கு முன்னால் சற்றுப் படுக்கலாம் என்றால், அடுத்த வீட்டில் காதுகுத்து. ஒலிபெருக்கிக்காரன் தென்னைமரத்தில் கட்டிய குழாய் நேராக அவள் தலையணையைப் பார்த்து நின்றது. செவ்வாய்க்கிழமை கிரைண்டர். அத்தை முத்துப்பேச்சி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மகன் கோயம்புத்தூர்ப் பட்டறையிலிருந்து அனுப்புவது வந்தாலும் வராவிட்டாலும் மாவு தவறாது என்பது அவளுடைய பெருமை. காலை ஒன்பதுக்குக் கல் உருளத் தொடங்கினால் பகல் முழுவதும் வாசல் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒரு மணி, ஒரு மணிக்கு ஒரு விழிப்பு. புதன்கிழமை சுரண்டையிலிருந்து விருந்து. "மருமவ எங்க?" "படுத்திருக்கா." "பகல்லயா?" அந்த 'பகல்லயா' என்ற கேள்வி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து படுக்கையில் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. பகலில் படுத்தால் மூதேவி என்று பள்ளிக்கூடம் போகாத முத்துப்பேச்சிக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த இசக்கிக்கும் தெரியும். எழுந்து வந்து காபி ஆற்றிக் கொடுத்தாள். ஆற்றும்போது காபி எத்தனை தடவை மேலிருந்து கீழே போயிற்று என்பதை, சலைன் சொட்டைப் போல, அவள் வாய்க்குள் எண்ணியிருக்கிறாள். விருந்தாளி கேட்டிருக்கிறாள், "என்னம்மா முணுமுணுக்க?" என்று. நேற்று, வியாழக்கிழமை. நேற்றை நினைக்க வேண்டாம் என்று தலைப்பை இன்னும் சிறிது இழுத்துவிட்டாள். வேண்டாம் என்றதும் அதுவே வந்தது. அவளுக்கே தெரியாத ஒன்றை அத்தை சொல்லித்தான் அவள் அறிந்தாள். ஆகையால் அந்த நினைவில் அவள் தன்னையே வெளியிலிருந்து பார்க்கிறாள். முத்துப்பேச்சி கிரைண்டர் பக்கத்தில் கையைத் தலைக்கு வைத்துச் சற்றே கண்ணயர்ந்திருக்கிறாள் (மூதேவி அவளை மட்டும் கேட்கமாட்டாள்). இவள் அறையிலிருந்து கண் திறந்தபடி எழுந்து வந்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரம் கட்டாத தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நாடி எண்ணி, "தாத்தா, நேத்து வெளிக்கிப் போனீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தக் கேள்வியை ஒவ்வொரு விடியலிலும் முப்பது படுக்கைகளில் கேட்கிறவள் அவள். முத்துப்பேச்சிக்கு அது எப்படித் தெரியும்? "இசக்கின்னு பேரு வச்சதுக்கு அந்த இசக்கி அம்மனே வந்து எறங்கிட்டாளே!" என்று அலறி, ஓடிப்போய்த் துண்ணூறு அள்ளி வந்து நெற்றி முழுக்கப் பூசிய பிறகுதான் இவளுக்கு விழிப்பு வந்தது. "யாருக்கு அத்தை துண்ணூறு?" என்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி வந்து சிரித்தாள், இவளும் சிரித்தாள். முத்துப்பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும்போது, சோற்றுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டே, "அங்க வார்டுலயும் இப்பிடித்தான் நடக்கியாட்டி?" என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் எடுத்தாள். 'இல்லை' என்பதற்கும் அவளுக்கும் நடுவே கட்டின் முடிச்சொன்று நழுவிற்று. "பஸ்ஸு போயிரும் அத்தை" என்றுதான் சொன்னாள். இப்போது பஸ்ஸில் நடத்துநர் விசில் ஊதினார். இறங்க வேண்டிய இடம். நிறுத்தத்தை விட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடப்பது இந்த வாரம் இரண்டு முறை நேர்ந்துவிட்டது. இன்று நேரவில்லை என்பதில் ஒரு சிறு பெருமிதத்தோடு இறங்கி, தலைப்புக்குள்ளிருந்த இரவு சிந்தாமல் தெருவைக் கடந்தாள்.

வீட்டில் ஏதோ குறைந்திருந்தது. வாசலில் நின்று என்ன குறைகிறது என்று யோசித்தாள். நோயாளியின் முகத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றும், மூக்குக் குழாய் நழுவியிருக்கிறது என்பது பிறகுதான் கண்ணில் படும், அதைப்போல. கிரைண்டர் சத்தம் இல்லை. மணியை அழுத்தினாள், மணி அடிக்கவில்லை. கதவு திறந்தது. முத்துப்பேச்சி வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள், உள்ளே யாரோ உறங்குவதைப் போல. "வந்துட்டியா? மணியோட ஒயரப் பிடுங்கிவிட்டுட்டேன். ஒம் மவ சண்முகப்பிரியாவ ஸ்கூலுக்கு அனுப்பியாச்சு. ரெண்டு இட்லி தின்னு, காப்பி கெடையாது, பாலுதான்." "மாவு, அத்தை?" "மாவு சாயந்தரம்." சிலேட்டுப் பலகை ஒன்று வாசல் கம்பியில் தொங்குவதை அப்போதுதான் பார்த்தாள். பேத்தியின் கையெழுத்து: 'மாவு சாயந்தரம் 5 மணிக்கு மேல். மணி அடிக்காதே.' பதினெட்டு ஆண்டுகளாகக் காலை மாவு கொடுத்தவள் சாயங்கால மாவுக்கு மாறினால் பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். "போறவ போட்டும். என் நாடியப் பிடிச்சது போதும். நாளைக்கு ஊசியத் தூக்கிட்டு நீ வந்துட்டன்னா நான் எங்க போவேன்?" என்றாள் முத்துப்பேச்சி. இட்லியைத் தின்றாளா, விழுங்கினாளா என்று இசக்கிக்கு நினைவில்லை. அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் மாமனார் காலத்துக் கறுப்புக் கம்பளியை ஆணியடித்து, மேல்புறத்தில் வெளிச்சம் கசிந்த இடத்தில் விரித்த குடையொன்றை அத்தை செருகியிருந்தாள். பகலுக்கு எதிராகக் குடை பிடித்த அறை. ஈரத் துண்டு ஒன்று மின்விசிறிக்கு நேரே கொடியில் தொங்கிற்று. "போனக் குடு." கொடுத்தாள். கதவு சாத்தப்பட்டது, அதன் கீழிடுக்கில் ஒரு பழஞ்சேலை சுருட்டித் தள்ளப்படும் சரசரப்பு கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பது இத்தனை மெதுவானதா. கட்டிலின் தலைமாட்டுக் கம்பி இருட்டில் கைக்கு அகப்பட்டது, குளிர்ச்சியாக. உடம்பு முதலில் கால்விரல்களைக் கைவிட்டது, பிறகு முழங்கால்களை. இடுப்பு, வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரவெல்லாம் நடந்ததை இன்னும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுத் தானும் படுத்தது. குளிர்ச்சியான கம்பி. விடியும்போது படுக்கைகளின் கால்மாட்டுக் கம்பிகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். அவர்களுடைய வார்டில் அதுவொரு முறை. எந்தப் புத்தகத்திலும் எழுதாத முறை. இரவு நின்றவளும் பகலுக்கு வந்தவளும் ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் போய் நிற்பார்கள். இரவு நின்றவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்வாள். கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாகப் பகலுக்கு வந்தவள் அதே கம்பியில் கை வைப்பாள். அவள் வைத்த பிறகே இவள் எடுக்கலாம். 'கம்பி விட்டாச்சு' என்றால் பொறுப்பு விட்டது என்று பொருள். இன்று பகலுக்கு வந்தவள் அமலி அக்கா. முதல் படுக்கை, கம்பி, குடலிறக்கம், வாந்தி இல்லை. இரண்டு, கம்பி. மூன்று, காலி. நான்கில் கிழவர் கம்பியின் மேலேயே காலைப் போட்டிருந்தார். எல்லாக் கம்பிகளும் விரலில் வரிசையாக இருந்தன. ஏழு, பெயின்ட் உரிந்து விரலைச் சுரண்டும் கம்பி. எட்டு, சூடு, ஏனென்றால் ஜன்னல் வெயில். பத்து, ஈரத் துண்டு. பத்துக்கு முன்னால்? எட்டிலிருந்து விரல் நேராகப் பத்துக்குப் போயிற்று. திரும்பி எட்டிலிருந்து வந்து பார்த்தாள். சூடு, பிறகு ஈரம். நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்பதின் கம்பி சூடா, குளிரா, உரிந்ததா, வழுவழுப்பா? ஒன்றும் இல்லை. ஒன்பது என்று ஒரு படுக்கையே இல்லாதது போல. அவள் கண்ணைத் திறந்தாள். திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டாயிருந்தது. அது முத்துப்பேச்சியின் கைங்கரியம்.

மற்ற நாளாயிருந்தால் பாதகமில்லை. ஒன்பதாம் படுக்கைக்குக் காலை இன்சுலின் போடுவது பகல் ஆளின் வேலை. பலகாரம் வருவதற்கு அரை மணி முன்னால் போடுவார்கள். இன்று விடியற்காலை ரயிலில் வந்த அவருடைய தம்பி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டான். "பசி காதை அடைக்கி சிஸ்டர், நீங்களே போட்டு விட்டிருங்களேன்" என்றார் சங்கரபாண்டி. சர்க்கரை பார்த்து, ஆறு மணிக்கு அவளே போட்டாள். போட்டது நினைவிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தது, அவர் மேலே பார்த்துக்கொண்டு மின்விசிறியின் இறக்கைகளை எண்ணியது. எழுதியதும் நினைவிருக்கிறது. ஆனால் எந்தத் தேதியில் எழுதினாள்? நள்ளிரவு தாண்டினால் தேதி மாறும் என்பது கைக்குத் தெரியாது; இரவுக்காரிகளின் கை விடிகிறவரை நேற்றையே எழுதும். செவ்வாய்க்கிழமை அப்படித்தான் அவள் எழுதியதை, இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டினாள். நேற்றைய தேதியிட்டிருந்தால் அமலி அக்கா அதை நேற்றையது என்றுதான் எடுத்துக்கொள்வாள். இன்றையது போடவில்லை என்று அவளே போடுவாள். இரண்டாம் முறை. வாயால் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. சொன்னேனா? எட்டு, சூடு. பத்து, ஈரம். சொன்னேனா? சர்க்கரை மளமளவென்று இறங்கினால் முதலில் வியர்க்கும், பிறகு கண் செருகும். வியர்த்து உறங்குகிறவனும் சர்க்கரை இறங்கி மயங்குகிறவனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருப்பார்கள். 'நல்லாத் தூங்குதாரு, எழுப்ப வேண்டாம்' என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போவார்கள். அங்க வார்டுலயும் இப்பிடித்தான் நடக்கியாட்டி? கேட்காது, எடுத்துக்கொண்டு போய்விடும். அவரிடம் மூன்று நொடி எடுத்தது. என்னிடம் ஒரு படுக்கையையே எடுத்துவிட்டதா? சொல்லியிருப்பாய், பதினோரு ஆண்டு அனுபவம், வாய் தன்னால் சொல்லியிருக்கும் என்று ஒரு குரல், தலையணைக்குள்ளிருந்து, மிகவும் இதமாகச் சொல்லிற்று. எழுந்தால் இந்த இருட்டு கலைந்துவிடும், அத்தை ஆணியடித்த பகல் வீணாகும், இன்றும் உறங்காமல் ஐந்தாம் இரவுக்குப் போவாய், ஐந்தாம் இரவில் எதை விடுவாயோ. அது நியாயமாகத்தான் பேசிற்று. கயத்தாறு தாண்டி அவரிடமும் இப்படி நியாயமாகத்தான் பேசியிருக்கும், இன்னும் கொஞ்ச தூரந்தான் என்று. அவள் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"எங்கட்டி வார? இப்பதான படுத்த!" கதவுக்கு வெளியே சம்மணமிட்டு உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள் முத்துப்பேச்சி, சுளகைத் தட்டாமல், சத்தம் வராமல், காற்றில் ஏந்திப் புடைத்தாள். "போன் எங்க அத்தை?" "அரிசி டின்னுக்குள்ள. அடிச்சா அரிசிக்கு மட்டுந்தான் கேக்கும்." "அத்தை, ஒரு ஊசி. ரெண்டு தடவ போட்டிருந்தா ஆளு போயிருவாரு." முத்துப்பேச்சி சுளகை வைத்துவிட்டு அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டாள். மணிகள் உதிர உதிர வந்த கருவியைக் காதில் வைத்தபோது ஓர் அரிசி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது; அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது; அடித்தால் எடுக்காதது நல்லதா, கெட்டதா, ஒன்பதாம் படுக்கையைச் சுற்றி எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தால்தானே எடுக்கமாட்டார்கள். எடுத்தார்கள். "ஏட்டி, நீ இன்னும் தூங்கலியா?" "அக்கா, ஒம்பதாம் பெட்டு" என்றாள், மேலே வரவில்லை. "ஒம்பதாம் பெட்டுக்கு இன்சுலின் ஆறு மணிக்கு நீயே போட்டுட்ட, நான் போட வேண்டாம். அதான?" முத்துப்பேச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் சொன்னேனா அக்கா?" "சொன்னியாவா! கம்பியப் பிடிச்சவ விடவே இல்லியே. நான் கைய வச்சிட்டேன், நீ எடுக்கல. விடுட்டி, விடுட்டின்னு ஒன் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன். படி வரைக்கும் போனவ திரும்பி வந்து மறுபடியும் சொன்ன. சங்கரபாண்டி அண்ணாச்சியே கையெடுத்துக் கும்பிட்டு, 'தாயி, போட்டது எனக்குத்தான், நான் சாட்சி, நீ வீட்டுக்குப் போ'ன்னாரு. அந்தா, உனக்குக் கேக்குதா?" கேட்டது. தூரத்தில், வார்டின் எதிரொலியோடு, ஆஸ்பத்திரி இட்லி மேலே விழுந்தால் தன் இன்னொரு காலும் போய்விடும் என்று யாரையோ வைதுகொண்டிருந்த அந்தக் கரகரத்த குரல். வைகிறவனுக்குச் சர்க்கரை சரியாயிருக்கிறது. "படுத்துத் தூங்குட்டி. ராத்திரி ஆளு மாதிரி வந்து சேரு, ஆவி மாதிரி வராத" என்று அமலி வைத்துவிட்டாள்.

ஆக, சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை. விரல் பிரித்து எடுக்கும்வரை விடாமல். அதில் ஒரு தடவைகூட அவளிடம் இல்லை. தூக்கம் அதை முழுசாக எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் எடுப்பதற்கு முன்னால் கை தன் வேலையைச் செய்து முடிக்கப் பொறுத்திருந்தது. இந்தத் தடவை பொறுத்தது. அதை நினைத்ததும் முதுகில் ஒரு குளிர் ஓடிற்று. அதன் பின்னாலேயே, குளிர் போன தடத்திலேயே, ஒரு வெதுவெதுப்பு இறங்கி வந்தது. "என்னவாம்?" என்றாள் முத்துப்பேச்சி. "நல்லா இருக்காராம். இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு ஏசுதாராம்." "பின்ன? மாவு அரைக்கத் தெரிஞ்சவ அரைக்கணும்" என்று சொல்லி, கன்னத்து அரிசியை எடுத்து டின்னிலேயே போட்டாள், பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பதுபோலத் தணிந்து, "நேத்து ஒங்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றாள். இசக்கி நின்றாள். "ஆமா அத்தை. அங்கயும் நடக்கப் பாத்துச்சு" என்றாள். சொல்லிவிட்டால் இவ்வளவுதானா. முத்துப்பேச்சி தலையை ஆட்டிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. "போ" என்றாள். அறை அப்படியே இருந்தது, வெளிச்சம் புகவில்லை, தான் எழுந்து போனதை இருட்டு கவனிக்கவே இல்லை போலத் தோன்றிற்று. தலைமாட்டுக் கம்பி கைக்கு வந்தது. ஒன்று, கம்பி. இரண்டு, கம்பி. மூன்று, காலி. காலிப் படுக்கையில் யார், நான்தானா, நாடி பார்க்க யாரும் வர வேண்டாம், நேற்று வெளிக்குப் போனேனா என்று யாரும் கேட்க வேண்டாம். எட்டு, சூடு. ஒன்பது. ஒன்பதில் அமலி அக்காவின் கை, பருத்து, சோப்பு வெடிப்போடு, தன் விரலின் மேல், விடுட்டி, விடுட்டி. நினைவா, கேட்டதை வைத்துக் கட்டியதா, எதுவானால் என்ன. சுண்டு விரல் பிரிந்தது. மோதிர விரல். ஈரத் துண்டின் மேல் காற்று போய்ப் போய் வந்தது, சொட்டு ஒன்று எங்கோ விழுந்தது, அதை எண்ணவில்லை. கம்பி

விட்டிருந்தாள். கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக் கிடந்தது, மரத்துப்போய். எங்கோ ஒரு கல் உருளத் தொடங்கும் முதல் உறுமல். இரவா, பகலா என்று தேடாமல் சும்மா கிடந்தாள். தேடாமல் கிடக்க முடிந்தது. வாயில் நல்ல எச்சில் ஊறியிருந்தது, கண் எரியவில்லை, பசித்தது. வாசலில் யாரோ கிண்ணத்தோடு வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "மணியும் அடிக்க மாட்டேங்கு, மாவும் காலையில கெடையாதுன்னா எப்பிடி? அடுத்த தெருக்காரி காலையிலயே குடுக்கா, தெரியும்லா?" "தெரியும். போயி வாங்கு. புளிச்சிருக்கும்." "அப்பிடி என்ன வந்துச்சு ஒங்களுக்கு, காலையில அரைக்க?" கிரைண்டர் ஒரு கணம் நின்றது. முத்துப்பேச்சி கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்பது இருட்டுக்குள் படுத்திருந்தவளுக்குத் தெரிந்தது; நாலு ஐம்பது, கழித்துக் கூட்டிச் சரிபார்க்கும் அந்த இடைவெளியும் தெரிந்தது. பிறகு, தெரு முழுவதற்கும் கேட்கும்படி, நகைக்கடையில் எடை சொல்கிற துல்லியத்தோடு, அத்தையின் குரல் வந்தது:

"எம் மருமவ தூங்கினா. ஏழு மணி இருவது நிமிசம்."